முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைத் தொலைவிலிருந்து கண்காணிப்பது எப்படி?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது, முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வீடு வந்திருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். பஸ் இல்லை. பிசியோதெரபிஸ்ட் வர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. காலிலோ தையலுக்குப் பதிலாகப் போட்ட ஸ்டேப்ளர் பின் அப்படியே இருக்கிறது. புது மூட்டைத் தினமும் மடக்கி நீட்டாமல் விட்டால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்து இறுகிவிடும். ஊரடங்கு முடியட்டும் என்று அது காத்திருக்காது.

தொலைமருத்துவத்துக்கான நடைமுறை விதிகளை இந்திய அரசு வெளியிட்டதும் அதே மார்ச் 25-ஆம் தேதிதான். ஏப்ரல் 13-இல் இ-சஞ்சீவனி ஓபிடி என்ற இலவச வீடியோ ஆலோசனைச் சேவை தொடங்கியது. போனோடு இணையும் சின்னச் சின்னக் கருவிகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே என்னென்ன அளக்கலாம், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை அந்த இரண்டு வருடங்களில் பலரும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு நோய்த்தொற்று இல்லாத காலத்திலும் இது உதவும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகனோ மகளோ மருமகளோ படிப்பதற்காக எழுதியது இது.

முதல் வேலை: எண்ணைப் பார்ப்பவர் யார்?

கருவி வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். பலர் நல்ல விலைக்குக் கையில் கட்டும் பேண்ட், சென்சார் எல்லாம் வாங்கி, தினமும் அளந்து, ஆப்பில் ஏற்றியும் விடுகிறார்கள். மறுமுனையில் அதைத் திறந்து பார்ப்பதற்கு ஆளே இருப்பதில்லை. அளவு ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஏதாவது என்றால் போன் செய்வார்கள் என்று ஆஸ்பத்திரி நினைக்கிறது. இந்த இடைவெளியில்தான் காலில் கட்டிய ரத்தக்கட்டி கவனிக்கப்படாமல் போகிறது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே ஒரு தாளில் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அனுப்பும் எண்களைப் பார்ப்பவர் யார், எத்தனை மணிக்குப் பார்ப்பார்? ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் யாரைக் கூப்பிடுவது? எந்த அளவைத் தாண்டினால் உடனே அழைக்க வேண்டும், எதற்கு மறுநாள் வரை பொறுக்கலாம்? ஸ்டேப்ளர் பின்னை எந்தத் தேதியில் எடுப்பது? அந்தப் பின் வழக்கமாக 10 முதல் 14 நாளுக்குள் எடுக்கப்படும். வீடியோவில் அது முடியாது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சிறிய இடங்களில் ஸ்டேப்ளர் ரிமூவர் இருக்கும் என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜின்போதே ஒன்று கேட்டு, உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்க வேண்டும்?

டிஜிட்டல் தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், மேல்கையில் கட்டும் பி.பி. மெஷின், சர்க்கரை உள்ளவருக்கு சுகர் மீட்டர், தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், நல்ல கேமரா உள்ள போன், அதற்கொரு ஸ்டாண்டு. முக்கால்வாசி வேலை இவற்றிலேயே முடிந்துவிடும். ப்ளூடூத் உள்ள மாடல் என்றால் அளவு தானாகப் பதிவாகும், எழுதும்போது எண் மாறிப்போகாது. ப்ளூடூத் இல்லையா? திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் அதே பயன்தான்.

தொடையிலும் காலிலும் பட்டையால் கட்டும் சென்சார் ஜோடி அடுத்த நிலை. மடங்கும் கோணத்தையும் எத்தனை முறை பயிற்சி செய்தார் என்பதையும் அது காட்டும். ஆஸ்பத்திரியே கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தக் காசில் வாங்க அவசியமில்லை. எலும்புக்குள் பொருத்தும் மூட்டிலேயே சென்சார் வைத்த பெர்சோனா ஐக்யூ என்ற முட்டிக்கு அமெரிக்காவில் 2021 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. படிக்கச் சுவாரஸ்யமாக இருக்கும். நம் வீட்டுக் கட்டிலில் இருப்பவருக்கு இஞ்ச் டேப் போதும்.

இணைக்கும்போது வரும் தொல்லைகள்

ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எல்லாவற்றையும் இணைத்து, நோயாளியின் இயல்பான அளவுகளை எடுத்து வையுங்கள். ஆக்சிஜன் 96 என்பது அவருக்கு வழக்கமா, குறைவா என்பது பிறகு ஒருநாள் ராத்திரி 11 மணிக்குத் தெரிய வேண்டியிருக்கும்.

1. கருவிகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒன்று முடிந்து ஒரு முறை அளவு வந்த பிறகே அடுத்தது.

2. பழைய ஆண்ட்ராய்டு போனில் கருவி கண்ணுக்கே தெரியவில்லை என்றால் லொகேஷனை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 11 வரை, ப்ளூடூத் கருவிகளைத் தேடுவதற்கு லொகேஷன் அனுமதி வேண்டும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பலவற்றின் பழுது இதுதான்.

3. போனின் பேட்டரி சேமிப்பில் அந்த ஆப்புக்கு விலக்கு கொடுங்கள். கொடுக்காவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் ஆப்பை நிறுத்திவிடும். காலை அளவு மட்டும் ஏறியிருக்கும், மாலை அளவு காணாமல் போயிருக்கும்.

4. பி.பி. மெஷினில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பேட்டரி மாற்றும்போது சில மெஷின்களில் நேரம் பழையபடி போய்விடும்; புதிய அளவு 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

5. அம்மாவின் மெஷினில் அப்பா பி.பி. பார்க்கக் கூடாது. பார்த்தால் அதுவும் அம்மா பெயரில்தான் டாக்டருக்குப் போகும். இரண்டு பயனர் பொத்தான் உள்ள மெஷின் என்றால் யாருக்கு எது என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

முட்டி எவ்வளவு மடங்குகிறது?

முட்டி மாற்றில் டாக்டர் கேட்கும் முதல் எண் இது. இரண்டாவது வாரத்துக்குள் 90 டிகிரி, ஆறாவது வாரத்தை ஒட்டி 110 என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சமதரையில் நடக்க 65 போதும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 95-க்கு மேல் வேண்டும். ஆறு வாரம் கழிந்தும் 90 வரவில்லை என்றால், மயக்கம் கொடுத்து மடக்கிவிடலாமா என்று சர்ஜன் யோசிப்பார். அதற்கான காலம் ஏறக்குறைய 12 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே தவறான அளவு வெறும் எண் பிழையோடு நிற்காது.

போனை வைத்தே அளக்கலாம். சரிவு காட்டும் ஆப் எதுவானாலும் சரி. நோயாளி மல்லாந்து படுத்து, குதிகாலைக் கட்டிலோடு இழுத்து முடிந்தவரை மடக்கட்டும். போனின் நீள விளிம்பைத் தொடையின் முன்பக்க நடுவில் வைத்துக் கோணத்தைப் படியுங்கள், உதாரணமாக 48. பிறகு முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் கூர்மேல் வைத்துப் படியுங்கள், 44 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 92. அதுதான் மடங்கும் அளவு. கால் நேராகப் படுக்கையில் கிடந்தால் இரண்டும் 0 காட்ட வேண்டும். தொடை சதைப்பற்றானது, கட்டும் வீக்கமும் சேர்ந்தால் போன் எலும்புக்கு இணையாக நிற்காது. முதல் நாளே போன் வைக்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, எப்போதும் அதிலேயே வையுங்கள். ஒருவரே அளக்கட்டும். 5 டிகிரிக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். நேற்று 92, இன்று 89 என்று பதற ஒன்றுமில்லை.

போட்டோ எடுத்தும் அளக்கலாம். இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பு, முட்டியின் வெளிப்பக்க நடு, வெளிக்கணுக்கால் எலும்பு, மூன்றிலும் ஒவ்வொரு ஸ்டிக்கர் பொட்டு. கேமரா முட்டி உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி, நேர் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தலைமாட்டில் நின்று எடுத்த படத்தில் கோணம் மாறித்தான் தெரியும்.

சென்சார் பட்டையில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. பயிற்சி தொடங்கும்போது காலை நேராக நீட்டுங்கள் என்று ஆப் சொல்லும். அந்த நிலையை அது 0 என்று பதிந்துகொள்ளும். நோயாளியால் முழுதாக நீட்ட முடியவில்லை, முட்டி 10 டிகிரி மடங்கியே நிற்கிறது என்றால், அதையும் 0 என்றே எடுத்துக்கொள்ளும். மடக்கும் அளவு 10 குறைந்து வரும் என்பது ஒரு பக்கம். அதைவிட மோசம், நீட்ட முடியாத அந்த 10 டிகிரி கணக்கிலிருந்தே மறைந்துபோகும். நீட்டம் முழுதாக வராத முட்டி காலம் முழுக்க நொண்டச் செய்யும். ஆகவே நீட்டத்தைக் கையாலும் பாருங்கள்: கால் தட்டையாகக் கட்டிலில் இருக்க, முட்டிக்கு அடியில் எத்தனை விரல் நுழைகிறது? வாரத்துக்கு வாரம் அது குறைய வேண்டும். சில சென்சார்கள் திசைகாட்டி போலக் காந்தப்புலத்தையும் பயன்படுத்துகின்றன, இரும்புக் கட்டிலில் அவை குழம்பும். அளவு தாறுமாறாக வந்தால் மரக் கட்டிலிலோ தரையில் விரித்த மெத்தையிலோ பாருங்கள். தரையென்றால் எழுப்பிவிட ஆள் இருக்கும்போது மட்டும்.

இன்னொன்று, முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வலிக்குச் சுகமாக இருக்கும், அப்படியே மடங்கி இறுகிவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு.

வீக்கமும் ரத்தக்கட்டியும்

தினமும் காலையில், எழுந்து நடப்பதற்கு முன், இரண்டு காலையும் டேப்பால் அளக்க வேண்டும். முட்டிச்சில்லின் நடுவில் ஒன்று. சில்லுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, கெண்டைக்காலில் ஒன்று. டேப் தோலைத் தொட்டால் போதும், இறுக்காதீர்கள்.

ஆபரேஷன் செய்த கால் சில வாரங்களுக்கு வீங்கித்தான் இருக்கும், தொட்டால் சூடாகவும் இருக்கும். போக்கைத்தான் பார்க்க வேண்டும். முட்டி அளவு ஒரே நாளில் கூடி நடையும் வலித்தால் முந்தைய நாள் பயிற்சி அதிகமாகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிக் குறையுங்கள். ஐஸ் 15 முதல் 20 நிமிடம், இடையில் துணி வைத்து. கெண்டைக்கால் மற்ற காலைவிட 3 செ.மீ.க்கு மேல் பெருத்து, அழுத்தினால் வலித்து, இது புதிதாக வந்ததென்றால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும்.

பாட்டி வைத்தியம் இங்கே ஆபத்து. வீங்கிய கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். உள்ளே கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும். காயத்தில் மஞ்சள் பத்தும் வேண்டாம்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஆக்சிஜன் சட்டென்று இறங்குவது, இவற்றில் எது வந்தாலும் ஆப்பில் செய்தி போட்டுக் காத்திருக்க வேண்டாம்; 108-ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் இதைத் தொற்றின் அறிகுறி என்று மட்டும் நினைத்துவிடுவது எளிதாக இருந்தது. ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதலில் சொல்லுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்

ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, மாட்டிய பிறகு எண் அரை நிமிடம் அசையாமல் நிற்கும்வரை பொறுத்துப் படிக்க வேண்டும். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் அளவைக் கெடுக்கும், வேறு விரலில் பாருங்கள். கருத்த தோலில் இது உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 பிப்ரவரியில் எச்சரித்தது. நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் எச்சரிக்கை. ஆகவே 95 என்ற எண் தரும் ஆறுதலைவிட, வழக்கம் 98 இருந்தவருக்கு 95 ஏன் வந்தது என்ற கேள்வி முக்கியம். 94-க்குக் கீழே போனால் உடனே அழைக்க வேண்டும். கோவிட் காலத்தில் பரவிய ஆறு நிமிட நடைச் சோதனை வாக்கர் பிடித்து நடப்பவருக்கானதல்ல, செய்ய வைக்காதீர்கள்.

காய்ச்சலும் சர்க்கரையும் பி.பி.யும்

முதல் சில நாள் லேசான சூடு சகஜம். பிறகு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் சொல்லுங்கள். பாராசிட்டமால் போடுவதற்கு முன் அளக்க வேண்டும், போட்ட பிறகு அளந்தால் மாத்திரையின் எண்தான் வரும்.

சர்க்கரை கூடினால் காயம் ஆறாது, கிருமி சேரும். 180-க்கு மேலேயே நின்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பொய்யாகக் கூடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். பி.பி.யை உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால், இரவில் கழிப்பறைக்குத் தனியாக எழ விடாதீர்கள். புது மூட்டோடு விழுவதைப் போல் கெட்டது வேறில்லை.

நடை எண்ணிக்கை

கையில் கட்டும் பேண்ட் கை வீச்சை வைத்து அடியை எண்ணுகிறது. வாக்கரைப் பிடித்த கை வீசாது. நோயாளி முன்னூறு அடி நடந்திருப்பார், பேண்ட் நாற்பது என்னும். நடக்கவே மாட்டேன் என்கிறார் என்று வீட்டில் சண்டை வரும். ஆபரேஷன் ஆகாத காலின் கணுக்காலில் கட்டிப் பாருங்கள். மெதுவான நடையில் அதிலும் கொஞ்சம் விடுபடும். நாளுக்கு எத்தனை முறை எழுந்து நடந்தார் என்று சுவர்க் காலண்டரில் கோடு போடுவது இதைவிட நம்பகம்.

காயத்தின் போட்டோ

ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஃபிளாஷ் சிவப்பை வெளுப்பாக்கிவிடும், குண்டு பல்பு மஞ்சளாக்கும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும், காயத்தைத் தொடாமல். முழு முட்டியும் ஒரு படம், நெருக்கமாக ஒரு படம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். சிவப்பு பரவுவதுபோல் தோன்றினால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தாலோ, முதல் வாரத்துக்குப் பிறகும் நீரோ சீழோ கசிந்தாலோ நேரில் காட்ட வேண்டும். இதற்கு வீடியோ போதாது.

வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது

போனைக் கையில் பிடிக்காதீர்கள். இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டிலோ நாற்காலியிலோ நிறுத்தி, தலை முதல் பாதம் வரை தெரியும்படி மூன்று மீட்டர் தள்ளுங்கள். வெளிச்சம் கேமராவுக்குப் பின்னாலிருந்து நோயாளி மேல் விழ வேண்டும். வேட்டியோ நைட்டியோ தொடைவரை மடித்திருக்கட்டும். பெண்களுக்கு ஒரு போர்வை பக்கத்தில் வைத்து, வேண்டாதவரை அறையிலிருந்து அனுப்பிவிடுங்கள். கேமராவை நோக்கியும் விலகியும் நடக்க நாலு மீட்டர் இடம், வழியில் மிதியடி இல்லாமல். அழைப்பு நடக்கும்போது வீட்டில் வேறு யாரும் வீடியோ பார்க்க வேண்டாம்.

தொலைமருத்துவ விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. அழைப்பவர் நோயாளியே என்றால் அவர் சம்மதம் தந்ததாகவே கொள்ளப்படும். வீட்டார் அழைத்தால் சம்மதத்தை வாய்விட்டோ எழுத்திலோ தர வேண்டும். ஒரே பிரச்சினைக்காக நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் என்றால் அது தொடர் ஆலோசனையாகக் கணக்காகும். போதை மருந்துச் சட்டத்தில் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது. வலிக்குத் தரும் டிராமடால் 2018-இல் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. டாக்டர் எழுத மறுத்தால் அது அவருடைய பிடிவாதமல்ல. மாத்திரை தீர்வதற்கு முன்பே நேரில் வாங்க வழி பாருங்கள். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. பகுதி சுகாதார ஊழியரிடம் கேளுங்கள்.

கருவிக்குத் தெரியாதவை

எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவரையும் சிலர் இதே கருவிகளால் கண்காணிக்கப் பார்க்கிறார்கள். கட்டுக்குள் தசை வீங்கி ரத்த ஓட்டம் நெருக்கப்படுவதை எந்த ஆக்சிமீட்டரும் காட்டாது. கால்விரலில் மாட்டினால் 98 என்றுகூட வரலாம், உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். மாத்திரைக்கு அடங்காத, மணிக்கு மணி கூடும் வலி, விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது உயிர் போகும் வலி, மரத்துப்போதல். இவை தெரிந்தால் ஊரடங்கோ இரவோ பார்க்காமல் கிளம்ப வேண்டும். சில மணி நேரம்தான் அவகாசம்.

எப்போது நிறுத்தலாம்?

முதல் இரண்டு வாரம் எல்லாம் தினமும். ஸ்டேப்ளர் பின்னை எடுத்து, காயம் காய்ந்த பிறகு கோணத்தை வாரம் இருமுறை அளந்தால் போதும். கெண்டைக்கால் அளவையும் ஆக்சிஜனையும் டாக்டர் சொல்லும்வரை விட வேண்டாம், ரத்தக்கட்டி வீடு வந்து சில வாரம் கழித்தும் வரும். 12 வாரத்தில் 110 டிகிரி தொட்டு, கைத்தடி இல்லாமல் நடந்தால் கருவிகளைக் கழற்றலாம். பி.பி. மெஷினும் சுகர் மீட்டரும் மட்டும் இருக்கட்டும்.

பிறகு அந்த பேண்டோ சென்சாரோ இன்னொரு வீட்டுக்குப் போகும். கொடுப்பதற்கு முன் ஆப்பில் கணக்கை அழித்து, கருவியை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த வீட்டுத் தாத்தாவின் நடை உங்கள் அம்மா பெயரில் டாக்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். பட்டைத் துணியைத் துவைத்துக் காய வைத்துக் கொடுங்கள். சுகர் மீட்டரின் ஊசிக் குழலை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.